ஆயாவின் காதில் சொன்ன பெயர்

சாரணியர் படைக்குப் புதிதாகப் பொறுப்பேற்று வரும் டீச்சர்களாகிய நீங்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் வருஷா வருஷம் மாறுவதே இல்லை. முடிச்சுப் போட, கூடாரம் அடிக்க, காயத்துக்குக் கட்டுப் போட எல்லாம் பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் மேடம், கடவுள் பக்தியை எப்படிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்பீர்கள். உறுதிமொழியில் நாட்டுக்கு முன்னாலேயே கடவுள் வந்துவிடுகிறார். அவருக்குச் செய்ய வேண்டிய கடமைக்கு மட்டும் யாரும் செய்முறை விளக்கம் தருவதில்லை.

கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலைக் காலத்தில் பாதிக்கும் மேல் காக்கிப் பையும் விசிலுமாகச் சாரணியர் படையோடுதான் போனது. என்னிடமும் அந்தச் செய்முறை இல்லை. ஆனால் ஒரு மாசி மகத்தன்று கிள்ளையில் நான் பார்த்தது இருக்கிறது. நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் எழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழிலரசி எட்டாம் வகுப்பில் படைக்கு வந்தாள். ஒல்லியான பெண், குரல் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் கணீரென்று இருக்கும். சேர்ந்த சில வாரங்களிலேயே முதலுதவியில் அவளை யாரும் முந்த முடியவில்லை. அவளுக்குச் சின்னம் சூட்டும் விழாவுக்கு முந்தின நாள் அவள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பெயர் மாறன். மின்சாரத் துறையில் லைன்மேன். புயல் வந்து போன மறுநாள் நம் தெருக் கம்பத்தில் ஏறி நிற்பார்களே, அந்த வேலை. வேலை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கறுப்புச் சட்டைதான் போடுவார்.

கோபமாக வரவில்லை. நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். இந்த இயக்கம் தனக்குப் பிடித்திருக்கிறது, பிள்ளை நாலு பேருக்கு உதவக் கற்றுக்கொள்கிறாள், அதில் சந்தோஷம் என்றார். பிறகு, தன் வீட்டில் சாமி கிடையாது, தானும் மனைவியும் யோசித்து எடுத்த முடிவு அது என்றார்.

"நீங்க கும்புடறத நான் தப்பு சொல்லல டீச்சர். எம்பொண்ணு வாயால சாமி பேர சொல்ல வெக்காதீங்க. அவ்ளோதான் கேக்கறேன்."

நான் அவருக்கு வாக்குக் கொடுத்தேன். உறுதிமொழியில் கடவுள் என்ற சொல்லுக்குப் பதிலாகத் தர்மம் என்று சொல்லிக்கொள்ள விதியிலேயே இடமிருக்கிறது என்பதையும் எடுத்துச் சொன்னேன். அவர், சரி, அது நியாயமாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விழாவில் எழில் கடவுளுக்குப் பதில் தர்மம் என்று சொன்னபோது, விருந்தினராக வந்திருந்த அம்மையாருக்கு முகம் மாறியது. வயதில் மூத்தவர், மாவட்ட அளவில் பொறுப்பில் இருந்தவர். வரிசையில் நின்ற பிள்ளைகளின் காதில் விழும்படியே, கடவுளை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு நான் சின்னம் குத்த மாட்டேன் என்றார். மைதானம் முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் விதியைப் பேசி அவரை மடக்கியிருக்கலாம். அப்படிச் செய்தால் அந்தப் பிள்ளை இரண்டு பெரியவர்களின் சண்டைக்கு நடுவில் நிற்க வேண்டியிருக்கும். நான் போய், அவர் கையிலிருந்த சின்னத்தை, கொடுங்கம்மா, இவளுக்கு நானே குத்தறேன், நீங்க அடுத்த பொண்ணப் பாருங்க என்று மெதுவாக வாங்கிக்கொண்டேன். எழில் கண் கலங்கவில்லை. எனக்கு வணக்கம் செலுத்திவிட்டு வரிசைக்குத் திரும்பினாள்.

எனக்குள் மட்டும் அந்த அம்மையாரின் பேச்சு கொஞ்சம் தங்கிவிட்டது. நான் திருவந்திபுரத்துக்காரி. எங்கள் வயலில் அறுத்த நெல் முதலில் தேவநாதப் பெருமாள் சந்நிதிக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வரும். சாமி இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று என்னால் கற்பனை செய்துகூடப் பார்க்க முடிந்ததில்லை. இந்தப் பெண்ணுக்குப் பயபக்தி என்ற ஒன்று எங்கேயிருந்து வரும் என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருந்தது.

எங்கள் படையில் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள், விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், முதுநகரிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகள், கிறிஸ்துவப் பிள்ளைகள் என்று எல்லாரும் உண்டு. சர்வ சமயப் பிரார்த்தனை நடக்கும்போது ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பாட்டையோ ஓதலையோ சொல்வார்கள், மற்றவர்கள் அமைதியாக நிற்பார்கள். எழில் எல்லாவற்றுக்கும் வாயை மூடிக்கொண்டு நிற்பாள். இதைப் பார்த்துச் சில பெற்றோர் தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னார்கள். அவள் எப்படித்தான் நிற்கிறாள் என்று ஒருநாள் நான் பின்னாலிருந்து கவனித்தேன்.

அன்றைக்கு ஓதியவள் நஸ்ரின். எழிலின் அணித் தலைவி. இரண்டு கைகளையும் ஏந்திக் கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தாள். மைதானத்தில் காற்று வீசி அவள் தலைமுக்காடு நழுவியது. கையை எடுக்க முடியாமல் அவள் தவிப்பது குரலில் தெரிந்தது. பக்கத்தில் நின்ற எழில் சத்தமில்லாமல் கையை நீட்டி அந்த முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டு, ஓதி முடியும் வரை பின்பக்கம் விரலால் பிடித்துக்கொண்டே நின்றாள். நஸ்ரின் கண்ணைத் திறக்கவில்லை, குரல் மட்டும் நிதானமாகிவிட்டது.

டீச்சர்களே, பிரார்த்தனை நடக்கும்போது பாடுகிற பிள்ளையையே பார்க்காதீர்கள். பக்கத்தில் நிற்பவளைப் பாருங்கள். அன்றைக்குப் பிறகு புகார் சொல்லி வந்த பெற்றோரிடம் பதில் சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

இனி மாசி மகத்துக்கு வருகிறேன்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரம் போகும் வழியில் இருக்கிறது கிள்ளை. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் ஊர் ஊராகக் கடந்து அங்கே கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். வழியில் இருக்கும் தர்கா வாசலில் சாமி நிற்கும். தர்காக்காரர்கள் மாலை கொடுப்பார்கள், கோயில் மாலை அவர்களுக்குப் போகும். அங்கே ஓதுவார்கள், இங்கே கற்பூரம் காட்டுவார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றாக நிற்கும். வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள், அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது வருஷா வருஷம் நடக்கிற சாதாரண விஷயம். முன்னோருக்குத் திதி கொடுக்கவும் கடலில் முழுகவும் விடியற்காலையிலிருந்தே உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் வேன் வேனாக வந்து இறங்குவார்கள்.

அந்த வருஷம் எங்கள் படைக்குத் தண்ணீர்ப் பந்தல் பொறுப்பும் முதலுதவிப் பொறுப்பும் கொடுத்திருந்தார்கள். கோயில் திருவிழா என்பதால் எழிலின் அப்பாவிடம் தனியாக அனுமதி கேட்டேன். தாகத்துக்குத் தண்ணி குடுக்கறதுக்கு சாமி இருந்தா என்ன இல்லாட்டி என்ன, கூட்டிட்டுப் போங்க டீச்சர் என்று சிரித்தார்.

வெயில் ஏறிய நேரம். சாமி இன்னும் தர்கா பக்கம் வரவில்லை, வந்துகொண்டிருக்கிறது என்று மைக்கில் சொன்னார்கள். கரையில் முழுகிவிட்டு ஈரப்புடவையோடு சாமிக்காகக் காத்திருந்த கூட்டத்தில் ஒரு வயதான அம்மா மணலில் சரிந்தார். நஸ்ரினும் எழிலும்தான் முதலில் ஓடினார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் அவரைப் பந்தல் நிழலுக்குக் கொண்டுவந்து, முதுகுக்குப் பையை அண்டக் கொடுத்து, பாதி சாய்ந்தாற்போல் உட்கார வைத்திருந்தாள் எழில். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை, தொட்டால் ஜில்லென்று இருந்தது. நெஞ்சில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கூட வந்தவர்கள் கூட்டத்தில் பிரிந்துவிட்டார்கள். கம்மாபுரம் பக்கத்துக் கிராமம் என்று மட்டும் அவரால் சொல்ல முடிந்தது.

நான் 108-க்குப் போன் செய்தேன். வண்டி பக்கத்திலேயேதான் நின்றது. ஆனால் தர்கா அருகே சாலை திரும்பும் வளைவுக்கு அந்தப் பக்கம். நடுவில் நகர இடமில்லாத ஜனக்கூட்டம்.

அந்த அம்மா எழிலின் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். சாமி வந்துட்டுதா என்று கேட்டார். இன்னும் வரல ஆயா, வந்துட்டே இருக்குது என்றாள் எழில். அவர் கண்ணை மூடித் திறந்தார். பார்க்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டதை நான் முகத்தில் கண்டேன்.

"அப்ப நீ சொல்லு கண்ணு. கோவிந்தான்னு காதுல சொல்லிட்டே இரு. எனக்கு வாய் வரல."

எழில் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

எனக்கு அவள் அப்பாவுக்குக் கொடுத்த வாக்குதான் முதலில் ஞாபகம் வந்தது. நீ சொல்ல வேணாம், நான் சொல்றேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, அந்த அம்மா பக்கத்தில் மண்டியிட்டு அந்தப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் ஆம்புலன்ஸ் டிரைவர் மறுபடி அழைத்தார். காவலுக்கு நின்றவரும் வந்து, சாமி வளைவைத் தாண்டினால்தான் வண்டி உள்ளே வர முடியும், அதுவரை இங்கேயே வைத்திருங்கள் என்றார். சாமி எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. காத்திருப்பதா, நாமே தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைவதா என்று அந்த நொடியில் நான்தான் முடிவெடுக்க வேண்டும். தூக்கிக்கொண்டு போய் நெரிசலில் மாட்டினால் பிள்ளைகளுக்கும் ஆபத்து. நான் எழுந்து நின்று வழியைப் பார்த்தேன். தர்கா பக்கத்தில் தொண்டு செய்துகொண்டிருந்த ஆட்களைப் பார்த்ததும் தைரியம் வந்தது. நஸ்ரினை அனுப்பி, அவர்களைக் கை கோத்து வழி விடச் சொல்லிக் கேட்டேன். மற்ற பெண்களைக் கூப்பிட்டு, இரண்டு கழிகளில் போர்வையைச் சுற்றித் தூக்குப் படுக்கை செய்யச் சொன்னேன்.

இவ்வளவையும் செய்துவிட்டுத் திரும்பியபோதுதான் கேட்டது. எழில் அந்த அம்மாவின் காதுக்கு வாயை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோவிந்தா. கொஞ்சம் நிறுத்தி, அவர் மூச்சு விட்டதும் மறுபடி, கோவிந்தா. சொல்லித் தரும் குரல் இல்லை அது, மந்திரம் சொல்லும் குரலும் இல்லை. தூங்கும் குழந்தையை எழுப்பாமல் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

நான் தடுக்கவில்லை. தூக்குங்க என்று மட்டும் சொன்னேன்.

மூத்த பெண்களும் திதி கொடுக்க வந்திருந்த இரண்டு ஆண்களும் தூக்கினார்கள். எழில் பக்கத்திலேயே குனிந்தபடி நடந்தாள், ஒரு கை அந்த அம்மாவின் கையில், வாய் காதோரம். நஸ்ரின் முன்னால் விசில் ஊதிக்கொண்டு போனாள். நாங்கள் வளைவை நெருங்கவும் சாமி வந்து தர்கா வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. மேளமும் நாதஸ்வரமும் உச்சத்தில் இருந்தன. இந்தக் கூட்டத்தில் எப்படிப் போகப் போகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் தர்கா ஆட்கள் வழி பிரித்தார்கள். மாலைத் தட்டோடு சாமிக்கு எதிரே நின்ற பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்ததும் தட்டைப் பின்னால் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். அதைப் பார்த்து மேளக்காரர் அடியை நிறுத்தினார். நாதஸ்வரம் நின்றது. பின்வரிசைகளில் இருந்தவர்களுக்கு எதற்கு நின்றது என்று தெரியாமல் ஒரு சலசலப்பு வந்து, அதுவும் அடங்கியது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் பிறகு கேட்டது ஒரே ஒரு குரல்தான்.

கோவிந்தா. கோவிந்தா.

நீங்கள் பெருமாள் கோயில் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். எங்கேயோ ஒருத்தர் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், ஆயிரம் வாய் பதிலுக்குக் கோவிந்தா போடும். அது தானாக வருகிற பழக்கம், அடக்க முடியாது. அன்றைக்கு யாருமே போடவில்லை. ஒரு சின்னப் பெண்ணின் குரல் அந்த அம்மாவின் காதுக்குப் போகிற வழியில் தங்கள் குரல் குறுக்கே வந்துவிடக் கூடாது என்று அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு, கையை மட்டும் தலைக்கு மேல் குவித்து நின்றார்கள். ஒதுங்கி நின்ற பெரியவர் இரண்டு கைகளையும் ஏந்தி உதடு அசையத் துஆ கேட்டுக்கொண்டிருந்தார். என் கால் நடக்கிறதா நிற்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. திருவந்திபுரத்தில் எத்தனையோ சேவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த வளைவில் நின்ற மாதிரி என் வாழ்நாளில் எந்தச் சந்நிதியிலும் நான் நின்றதில்லை.

சாமியோடு வந்த பட்டர் கீழே இறங்கித் தீர்த்தமும் துளசியும் எடுத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாவின் வாயில் தீர்த்தத்தை விடக் கையைக் கொண்டுபோனார். எழில் சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுத் தலையை உயர்த்தினாள்.

"வாயில ஊத்த வேணாங்க ஐயா. முழுங்க மாட்டாங்க, பொரையேறிடும்."

சுற்றி நின்ற எல்லாருக்கும் அது கேட்டது. அத்தனை பேருக்கு முன்னால், சாமி எதிரில், எட்டாம் வகுப்புப் பெண் தீர்த்தத்தைத் தடுக்கிறாள். பட்டர் ஒரு விநாடி அவளைப் பார்த்தார். சரிம்மா என்றார். துளசியைத் தீர்த்தத்தில் நனைத்து அந்த அம்மாவின் உதட்டில் மட்டும் தடவினார். பிறகு அந்தத் துளசியை, கோத்திருந்த இருவர் கைகளுக்கும் நடுவில் வைத்து, எழிலின் விரல்களை அதன்மேல் மூடிவிட்டார். எழில் மறுபடி காதோரம் குனிந்துகொண்டாள்.

வளைவைத் தாண்டினோம். வண்டி நின்றது. நஸ்ரினிடம் படையை ஒப்படைத்து, மைக்கில் சொல்லி உறவினர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு, நானும் எழிலும் ஏறிக்கொண்டோம். எங்களுக்குப் பின்னால் மேளம் மறுபடி ஆரம்பித்தது.

அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரி வரை எழில் நிறுத்தவில்லை. வழியில் அவள் குரல் கம்மிப்போனது. போதும்மா, கொஞ்சம் தண்ணி குடி என்றேன். தலையை ஆட்டினாள், நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திய பிறகும் சிறிது நேரம் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை மட்டும் மூடியபடியே இருந்தது.

டாக்டர் வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டோம். நெஞ்சுவலி பெரிதாக வந்திருக்கிறது, ஆன வரைக்கும் பார்த்தோம் என்றார்.

எழில் அழவில்லை. நாம வேகமா வரலையா டீச்சர் என்று மட்டும் கேட்டாள். நாம செய்ய வேண்டியதை எல்லாம் செஞ்சோம் என்றேன்.

நான் அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். நடந்ததை அவர் வேறு யார் மூலமாகவும் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். அவள் வாயால் அந்தப் பெயரைச் சொன்னதையும், நான் தடுக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். வர்றேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வாக்குக் கொடுத்தவள் நான். நாளைக்கு இந்தப் பிள்ளையைப் படையிலிருந்து எடுத்துவிட்டால் நான் என்ன சொல்ல முடியும்?

அவருக்கு முன்னால் இறந்தவரின் மகன் வந்து சேர்ந்தார். நடுத்தர வயது, விவசாயி. ஈர வேட்டி காயக்கூட இல்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், யார் கூட இருந்தது என்று விசாரித்துக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். அழுது ஓய்ந்த முகம். சாமியைப் பார்க்க வேண்டும் என்று தன் அம்மா மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்ததைச் சொன்னார். பிறகு எழிலிடம் கேட்டார்.

"எங்கம்மா சாமியப் பாத்துதாம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க நிம்மதியாக இருப்பார். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். எழில் எழுந்து நின்றாள்.

"பாக்கலீங்க. சாமிகிட்ட போனப்ப கண்ணு மூடிதான் இருந்துச்சு. ஆனா நான் பேர சொல்லச் சொல்ல என் விரல அமுக்கிட்டே இருந்தாங்க. உள்ள தூக்கிட்டுப் போற வரைக்கும் அமுக்குனாங்க."

அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் பாதத்தைத் தொடக் கையை நீட்டினார். எழில் பதறிப் பின்னால் நகர்ந்தாள். அது போதும் எனக்கு, அது போதும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நிமிர்ந்து பார்த்தபோது மாறன் வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கறுப்புச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மகளைப் பார்த்தார். எழில் தலைகுனியாமல், அந்த ஆயா கேட்டாங்கப்பா என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

உடலை ஊருக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. ஆள் பலம் போதவில்லை. மாறன் போய் அந்த மகனிடம், நானும் ஒரு கை பிடிக்கலாமா என்று கேட்டார். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுத் தலைமாட்டில் பிடித்தார். உறவுக்காரர்கள் கோவிந்தா, கோவிந்தா என்று சொல்லிக்கொண்டே தூக்கினார்கள். அவர் உதடு அசையவில்லை. ஆனால் தலை எங்கேயும் இடித்துவிடாமல் ஒரு கையை அடியில் கொடுத்து அவர் அந்த உடலை உள்ளே சரித்ததைப் பார்த்தேன். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற கை அது. அவ்வளவு மெதுவாக அசைந்தது.

வண்டி போன பிறகு நாங்கள் மூவரும் வாசல் மரத்தடியில் நின்றோம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். எழில் கொஞ்சம் தள்ளி, மரத்தடிக் குழாயில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மாவும் இதான் கேட்டுது டீச்சர். சாவப் போற நேரத்துல. முருகான்னு ஒரு வாட்டி சொல்லுடான்னு என் கையப் புடிச்சிகிட்டு கேட்டுது. எனக்கு அதுல நம்பிக்க இல்ல, பொய்யா எப்பிடி சொல்றதுன்னு சும்மா இருந்துட்டேன்."

தனக்கு இப்போதும் நம்பிக்கை இல்லை என்றார் மாறன். தன் மகளுக்கும் இல்லை என்றுதான் நினைப்பதாகச் சொன்னார். ஆனால் அவ சொன்னது பொய் இல்லியே டீச்சர் என்றார். அதை என்னிடம் கேட்டாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா, எனக்குத் தெரியவில்லை. பொய் இல்லை என்று நான் சொன்னேன்.

பிறகு எழில் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை படையில் இருந்தாள். பிரார்த்தனையில் முன்பு நின்ற மாதிரியேதான் கடைசிவரை வாயை மூடிக்கொண்டு நின்றாள். என் காதுபட அந்தப் பெயரை அவள் மறுபடி சொன்னதில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. நீங்களும் உங்கள் பிள்ளைகளிடம் அப்படி எதையும் எதிர்பார்க்காதீர்கள். சர்வ சமயப் பிரார்த்தனையைத் தவறாமல் நடத்துங்கள், ஒருத்தர் சாமிக்கு முன்னால் இன்னொருத்தர் எப்படி நிற்பது என்பதைப் பழக்குங்கள். அவர்களுக்குள் இருப்பது எப்போது, யார் முன்னால் வெளியே வரும் என்று நம்மால் சொல்ல முடியாது. வரும்போது நாம் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும். அன்றைக்கு அந்த வளைவில் ஆயிரம் பேர் அதைத்தான் செய்தார்கள்.

அந்த மரத்தடியில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குழாயடியிலிருந்து வந்த எழில், கிள்ளையிலிருந்து மூடியே வைத்திருந்த கையை அப்போதுதான் திறந்தாள். உள்ளங்கையில் துளசி கசங்கிக் கறுத்துப் போயிருந்தது. அதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர்கள் வீட்டில் அதற்கு ஓர் இடம் இல்லை. கீழே போடவும் மனம் வராமல் அப்பாவைப் பார்த்தாள்.

மாறன் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். உதறிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளிலும் விரித்து அவள் முன்னால் நீட்டினார்.

"இதுல வெய்யி" என்றார்.

அவள் ஒவ்வோர் இலையாக உதிர்த்து வைத்தாள். அவர் அதை நான்காக மடித்துத் தன் கறுப்புச் சட்டையின் மேல் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு மகளைப் பின்னால் ஏறிக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தன் பைக்கை எடுத்தார்.